ஜே-ஸீயின் 4:44: சமூகத்துக்கான பாட்டா, சொத்து வாங்கச் சொல்லும் பாட்டா?

#1 வினைல்_பித்தன்

பக்கத்து இழையில் "வயதான ராப்பர்கள் ஓய்வெடுக்கலாமே" சண்டையில் நாலைந்து பேர் 4:44 பெயரை இழுத்ததால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அங்கே எழுதினால் எமினெம் ரசிகர்களின் கூச்சலில் காணாமல் போய்விடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2017 ஜூன் 30 அன்று வந்த இந்த ஆல்பத்தை முக்கால்வாசிப் பேர் "பியான்சேயிடம் மன்னிப்புக் கேட்ட ஆல்பம்" என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். முந்தின வருடம் அவர் மனைவி பியான்சேயின், கணவன் துரோகத்தைப் பாடும் லெமனேட் ஆல்பம் வந்திருந்தது, ஊரே கிசுகிசு பேசிக்கொண்டிருந்தது, அதனால் தலைப்புப் பாட்டு மட்டும் செய்தியானது. பத்துப் பாட்டில் அது ஒன்று, அவ்வளவுதான். மீதியைக் கேட்டால் திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம்: அமெரிக்கக் கறுப்பினக் குடும்பத்தில் ஒரு தலைமுறை அடுத்ததற்கு எதை விட்டுப்போகிறது, ஏன் இத்தனை காலம் எதுவும் மிஞ்சவில்லை. வாரிசுரிமை பற்றிய ஆல்பம் இது. "லெகஸி" பாட்டு அவருடைய மகள், உயில் என்றால் என்ன அப்பா என்று கேட்பதில்தான் ஆரம்பிக்கிறது. ராப்பில் உயிலைப் பற்றி ஒரு பாட்டு! இன்னொரு பாட்டில் பாடகர் பிரின்ஸ் இறந்த பிறகு அவர் சொத்தை நிர்வகித்தவர்களைப் பெயர் சொல்லித் திட்டுகிறார். பிரின்ஸ் 2016 ஏப்ரலில் உயில் எழுதாமலேயே இறந்துபோனவர். இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், மன்னிப்புக் கதை பின்னால் போய்விடும்.

இத்தனைக்கும் இதற்கு முந்தைய ஆல்பம், 2013ல் வந்தது, சாம்சங் போன் வாங்கியவர்களுக்குப் பத்து லட்சம் பிரதி இலவசம் என்று வந்த ஒன்று. டாம் ஃபோர்டு, பிக்காசோ என்று ஒரே பந்தா. அதே வருடம்தான், பணக்காரக் கலைஞர்கள் சமூகப் பொறுப்பை மறந்துவிட்டார்கள் என்று மூத்த பாடகரும் உரிமைப் போராளியுமான ஹாரி பெலஃபாண்டே சொன்னதற்கு இவர் "நான் இருப்பதே தர்மம்தான்" என்கிற மாதிரி பதில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த ஆள் நாலு வருடம் கழித்து, 47 வயதில், இப்படி ஒன்றோடு வருவார் என்று யார் எதிர்பார்த்தது?

#2 தெற்குவாசல்

வந்தார், வந்து என்ன சொன்னார்? "தி ஸ்டோரி ஆஃப் ஓ.ஜே." பாட்டில், டம்போவில் 20 லட்சம் டாலருக்கு ஒரு கட்டடம் கிடைத்தது, வாங்காமல் விட்டேன், இன்றைக்கு அது இரண்டரைக் கோடி என்று புலம்புகிறார். அப்புறம் பத்து லட்சத்துக்கு வாங்கிய ஓவியம் 80 லட்சம் ஆன கதை. இது சமூக உணர்வு என்றால் எங்கள் தெரு ரியல் எஸ்டேட் புரோக்கர் பெரிய புரட்சியாளர்.

டம்போ எப்படி விலை ஏறியது? புரூக்ளினின் பழைய கிடங்குப் பகுதி அது. வாடகை குறைவு என்று ஓவியர்கள் குடியேறினார்கள், பின்னாலேயே பில்டர்கள் வந்தார்கள், வாடகை கட்ட முடியாதவர்கள் வெளியேறினார்கள். அந்த ஏற்றத்தில் எனக்குப் பங்கு கிடைக்கவில்லையே என்று வருத்தப்படுவது ஒன்று, அந்த ஏற்றத்தைக் கேள்வி கேட்பது வேறு. இவர் முதல் ரகம்.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் வினைல். பார்க்லேஸ் சென்டர் அரங்கம் கட்டிய அட்லாண்டிக் யார்ட்ஸ் திட்டத்துக்கு முகமாக நின்றவர் இவர்தான். அரசு கட்டாய நில எடுப்பு செய்து குடியிருந்தவர்களைக் கிளப்பிய திட்டம். நெட்ஸ் கூடைப்பந்து அணியில் இவருக்கு இருந்த பங்கு ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழே, ஆனால் "புரூக்ளின் பையன் புரூக்ளினுக்கு அணியைக் கொண்டுவருகிறான்" என்று காட்டுவதற்கு அது போதுமாக இருந்தது. 2012 செப்டம்பரில் அரங்கத்தைத் திறந்து வைத்ததே இவருடைய எட்டு நாள் கச்சேரிதான். ஆல்பத்தில் அதைப் பற்றி ஒரு வரி வருத்தம் உண்டா?

#3 புதுசு_92

ஆல்பம் கேட்டதில்லை, ஓ.ஜே. வீடியோ மட்டும் பார்த்தேன், கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன். ரொம்பச் சங்கடமாக இருந்தது. தடித்த உதடு, பெரிய கண் என்று பழைய இனவெறிக் கார்ட்டூன் மாதிரியே வரைந்திருக்கிறார்கள். வேண்டுமென்றேதானா அது?

#4 பீட்டுக்காரன்

வேண்டுமென்றேதான் தம்பி. 1930, 40களில் அமெரிக்க ஸ்டூடியோக்கள் கறுப்பர்களை எப்படி வரைந்தனவோ அதே பாணி. இயக்கியது மார்க் ரொமானெக், கூடவே ஜே-ஸீ. முக்கியக் கதாபாத்திரத்தின் பெயரே ஜேபோ. தன்னையே அந்தக் கேலிச்சித்திரமாக வரைந்துகொண்டு, அந்த வாயாலேயே வங்கிக் கடன் பற்றியும் சேமிப்பு பற்றியும் பேசவைக்கிறார். நீ எவ்வளவு சம்பாதித்தாலும் அவர்கள் கண்ணுக்கு இதுதான் என்பது பாட்டின் பல்லவி. அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன், நான் கறுப்பன் இல்லை, ஓ.ஜே. என்று சொல்லிக்கொண்டதாக ஒரு வரி, அதற்கு ஜே-ஸீ ஒரே வார்த்தையில் "சரி" என்கிற மாதிரி ஒரு இழுப்பு இழுப்பார், அந்த இடைவெளிதான் ஆல்பத்திலேயே சிறந்த தாளம் என்பேன்.

இசைப் பக்கத்தை யாரும் தொடவில்லை, தொடுகிறேன். பத்துப் பாட்டையும் செய்தது நோ ஐ.டி. ஒருவர்தான். சிகாகோக்காரர், காமன் என்ற ராப்பரின் தொண்ணூறுகள் ஆல்பங்களைச் செய்தவர், கான்யே வெஸ்டுக்குக் குரு. ஜே-ஸீ எப்போதுமே ஒரு ஆல்பத்துக்கு ஏழெட்டுத் தயாரிப்பாளர்களைச் சேர்ப்பவர், முழுக்க ஒரே ஆளிடம் கொடுத்தது இதில்தான் முதல். ஜே-ஸீ கேட்டுக்கொண்டிருந்த பாட்டுகளின் பட்டியலை வாங்கி அதிலிருந்தே சாம்பிள்களை (பழைய பாட்டிலிருந்து வெட்டி எடுக்கும் துண்டுகளை) எடுத்தார் நோ ஐ.டி. அதனால்தான் இதில் "ஹிட்டுக்காக ஒன்று" என்ற வாடை இல்லை. ஓ.ஜே. பாட்டின் அடியில் ஓடுவது நீனா சிமோனின் "ஃபோர் விமன்", 1966ல் வந்தது, வேறு வேறு தோல்நிறம் கொண்ட நாலு கறுப்பினப் பெண்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் பாட்டு. இந்தப் பாட்டிலும் வெளுத்த தோல், கறுத்த தோல், வீட்டு அடிமை, வயல் அடிமை, பணக்காரன், ஏழை என்று அடுக்கி எல்லாருக்கும் கடைசியில் அதே இழிபெயர்தான் என்கிறார். சாம்பிள் வெறும் அலங்காரமில்லை, பாட்டின் வாதமே அதில் இருக்கிறது. "லெகஸி"யில் டானி ஹாத்தவே, "ஸ்மைல்" பாட்டில் ஸ்டீவி வொண்டர். "மார்சி மீ"யில் வருவது ஒரு போர்ச்சுக்கீசிய ராக் குழு, க்வார்டெட்டோ 1111. அதை எங்கே பிடித்தார்களோ!

மொத்தமே 36 நிமிடம். மசாலா தோசைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் கேட்டு முடித்துவிடலாம், கேளுங்கள்.

#5 கணக்குப்பிள்ளை

36 நிமிடத்தை யாரால் கேட்க முடிந்தது என்பதையும் பேசுவோமா. முதல் வாரம் டைடல் சந்தாதாரர்களுக்கும் ஸ்பிரின்ட் செல்போன் வாடிக்கையாளர்களுக்கும் மட்டும்தான். டைடல் அப்போது அவருடைய கம்பெனி, பாட்டுக் கேட்கும் செயலி, 2015ல் சுமார் 5.6 கோடி டாலருக்கு வாங்கியது. 2017 ஜனவரியில் ஸ்பிரின்ட் அதில் 33 சதவீதம் வாங்கியது. ஆல்பம் வந்து ஐந்தாம் நாள் பிளாட்டினம் சான்றிதழ், அதாவது பத்து லட்சம், ஸ்பிரின்ட் செலவில் இலவசமாகக் கொடுத்த டவுன்லோடுகளின் புண்ணியத்தில். பில்போர்டு கணக்கில் உண்மையான முதல் வாரம் பிறகுதான் வந்தது, 2,62,000. முதலிடம்தான், குறை சொல்லவில்லை, ஆனால் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பது வியாபாரம்.

ஏழை மக்களுக்குப் பொருளாதாரப் பாடம் எடுக்கும் ஆல்பத்தை ஏழை மக்கள் வைத்திருக்காத செயலியில் பூட்டி வைத்ததுதான் எனக்கு வேடிக்கை. பாட்டிலேயே சொல்கிறார், பத்து லட்சம் டாலர் பெறுமான அறிவை 9.99 டாலருக்குத் தருகிறேன் என்று. டைடலின் மாதச் சந்தா அப்போது எவ்வளவு? அதேதான்.

#6 வினைல்_பித்தன்

கணக்குப்பிள்ளை, அந்த வரி விளம்பரம்தான், மறுக்க மாட்டேன். நக்கலாகச் சொன்ன விளம்பரம்.

தெற்குவாசலுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். டம்போ வரியை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். அதே பாட்டில் சில வரி முன்னால், போதைப்பொருள் விற்கும் பையன்களிடம் சொல்கிறார்: உன் அம்மா வாடகைக்கு இருக்கும் பேட்டைக்காக நீ சாகாதே, அந்தக் காசைக் கொண்டு பேட்டையையே வாங்கு. கறுப்புப் பணத்தை வெளுக்கச் சொல்லும் குறும்பும் அதில் உண்டு. ஆனால் முதல் பாதியைப் பாருங்கள். "எங்க ஏரியா" என்று உயிரைக் கொடுக்கிறாய், ஆனால் அந்த ஏரியாவில் ஒரு சதுர அடியும் உன்னுடையதில்லை. ராப்பில் முப்பது வருடமாக எல்லாரும் "என் தெரு, என் பேட்டை" என்று மார்தட்டியதற்கு இதைவிடக் கூர்மையான பதிலை நான் கேட்டதில்லை.

அவர் பிறந்து வளர்ந்த மார்சி ஹவுசஸ் நியூயார்க் நகர வீட்டு வசதி அமைப்பின் குடியிருப்பு. அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தாலும் வாடகைதான். சுற்றியிருக்கும் பெட்ஃபர்டு-ஸ்டைவசன்ட் பகுதியை 1930களில் அமெரிக்க அரசு அமைப்பே வரைபடத்தில் சிவப்பு அடித்து, கடன் கொடுக்க அபாயமான இடம் என்று ஒதுக்கியது. கறுப்பர்கள் குடியிருந்ததும் அந்த மதிப்பீட்டில் ஒரு காரணம். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அங்கே வீட்டுக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. போருக்குப் பிந்தைய வருடங்களில் வெள்ளைக்காரத் தொழிலாளிக் குடும்பம் புறநகரில் வீடு வாங்கி, அதன் விலை ஏற ஏறப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியது, கறுப்பர் குடும்பம் அதே மாதச் சம்பளத்தில் வாடகை கட்டிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் இரண்டு பக்கமும் சம்பள வித்தியாசத்தைவிடச் சொத்து வித்தியாசம் பல மடங்கு பெரியது, அதன் பெரிய வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. இது தெரிந்தவனுக்கு "ஒரு கட்டடத்தைத் தவறவிட்டேன்" என்ற புலம்பல் புரோக்கர் பேச்சாகக் கேட்காது.

அட்லாண்டிக் யார்ட்ஸ் பற்றி நீங்கள் சொன்னது நியாயம்தான். அதற்கு என்னிடம் வக்காலத்து இல்லை.

#7 தெற்குவாசல்

நன்றி. ஆனால் நீங்கள் சொன்ன வரலாறு என் பக்கத்துக்குத்தான் சாட்சி! அரசு கோடு போட்டுச் செய்த அநியாயத்துக்குத் தீர்வு தனிமனிதச் சேமிப்பா? பிடுங்கியது சட்டம், திருப்பித் தருவது உன் சாமர்த்தியம் என்றால் எப்படி?

இது இவர் கண்டுபிடித்த வாதமும் இல்லை. 1895ல் அட்லாண்டாவில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் பேசியது ஏறக்குறைய இதுதான்: தொழில் கற்றுக்கொள், நிலம் வாங்கு, காசு சேர், அரசியல் உரிமை அப்புறம் தானாக வரும். கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் 1903லேயே தன் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் ஒதுக்கி அதற்குப் பதில் எழுதினார், ஓட்டு இல்லாதவன் சொத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்று. காப்பாற்ற முடிந்ததா? விடுதலையான அடிமைகளின் சேமிப்புக்காகத் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கி 1874ல் மூழ்கியது, பல்லாயிரம் பேரின் காசோடு. 1921ல் டல்சாவில் கறுப்பர்களின் கடைவீதி, வீடு, திரையரங்கு, எல்லாம் இருந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளைக் கும்பல் ஒரே இரவும் பகலுமாக எரித்தது. அவர்கள் ஜே-ஸீ சொன்ன எல்லாவற்றையும் செய்தவர்கள்தான்.

"ஃபேமிலி ஃப்யூட்" பாட்டில் ஒரு கோடீஸ்வரனைவிட இரண்டு கோடீஸ்வரர்கள் மேல், அதுவும் ஒரே நிறத்தில் இருந்தால் இன்னும் மேல் என்கிறார். எனக்கு அந்த வரியைக் கேட்டாலே எரிச்சல். துப்புரவுத் தொழிலாளி வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக மெம்ஃபிஸ் போன இடத்தில் செத்தவர் மார்ட்டின் லூதர் கிங். அந்த மரபில் "இரண்டு கோடீஸ்வரர்" எங்கே உட்கார்வார்?

#8 ஸ்கார்பரோ_குளிர்

தெற்குவாசல் அண்ணை, புக்கர் டி. ஒப்பீடு நல்லாக இருக்கிறது, ஆனால் முழுக்கப் பொருந்தாது. ஆல்பம் வருவதற்கு முதலே அவர் செய்த வேலை ஒன்றை எல்லாரும் மறந்துபோய்க் கதைக்கிறோம். கலீஃப் ப்ரவுடர். பிராங்க்ஸ் பெடியன், 16 வயதில் ஒரு முதுகுப்பையைத் திருடினான் என்று 2010ல் பிடித்தார்கள். 3,000 டாலர் ஜாமீன், வீட்டில் அந்தக் காசில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று வருடம், வழக்கு விசாரணையே இல்லாமல், அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. 2013ல் குற்றச்சாட்டையே கைவிட்டு வெளியில் விட்டார்கள். 2015 ஜூனில் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான், 22 வயது. அவன் உயிரோடு இருந்தபோதே ஜே-ஸீ கூப்பிட்டுச் சந்தித்தவர், பிறகு ஆறு பகுதி ஆவணத் தொடரைத் தயாரித்தார், அது 2017 மார்ச்சில் வந்தது. ஆல்பத்துக்கு ரெண்டு கிழமை முதல், தந்தையர் தினத்துக்கு, டைம் இதழில் ஜாமீன் வியாபாரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி, உள்ளே கிடக்கும் அப்பாமாரை வெளியில் எடுக்கும் அமைப்புகளுக்குக் காசும் கொடுத்தார்.

அதனால் "சேமி, வாங்கு" என்பது மட்டும்தான் இவர் என்று சொல்ல ஏலாது. பாட்டில் ஒன்று சொன்னார், பாட்டுக்கு வெளியில் சட்டத்தோடு சண்டை பிடித்தார். எனக்கு விளங்காதது, அந்தச் சண்டை ஏன் ஆல்பத்துக்குள் வரவில்லை என்பதுதான். கலீஃபைப் பற்றி ஒரு முழுப் பாட்டு இருந்திருந்தால் நீங்கள் எல்லாரும் இப்போது வேறு எதையோ பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

#9 பீட்டுக்காரன்

ஸ்கார்பரோ, நல்ல கேள்வி. என் ஊகம்: இந்த ஆல்பத்தில் அவர் தன் வீட்டுக் கதவுக்கு வெளியே போகவே இல்லை. அம்மா, மகள், மனைவி, தம்பி மாதிரி பார்த்த கான்யே, சின்ன வயதில் தான் சுட்ட சொந்த அண்ணன். முதல் பாட்டே தன்னைத்தானே கொல்வது. ஊரைப் பற்றி உபதேசிக்கும் குரலே இல்லை, ஓ.ஜே. பாட்டைத் தவிர.

அதனால்தான் எனக்கு ஆல்பத்தின் பெரிய சமூகப் பாட்டு "ஸ்மைல்". தன் அம்மா பெண்களைக் காதலிப்பவர், பல வருடம் மறைத்து வாழ்ந்தார், நாலு பிள்ளை பெற்றும் நடித்துக்கொண்டே இருந்தார் என்று பாடுகிறார், அம்மா கடைசியில் தானே எழுதியதைத் தன் குரலில் வாசிக்கிறார். தொண்ணூறுகளின் ராப் உலகம் இந்த விஷயத்தில் எவ்வளவு கேவலமாக இருந்தது என்று இங்கே பழைய கேசட் கேட்டவர்களுக்குத் தெரியும், இவரும் அதில் சேர்த்திதான். 2018ல் பால்புதுமையினர் உரிமைக்கான கிளாட் அமைப்பு அந்த அம்மா குளோரியா கார்ட்டருக்கு விருது கொடுத்தது. பாடினவருக்கு இல்லை, அம்மாவுக்கு. சரியான ஆளுக்குப் போன விருது.

#10 கணக்குப்பிள்ளை

யூதர்கள் பற்றிய வரியை யாருமே எடுக்கவில்லை, ஏன்? அமெரிக்காவில் யூதர்கள் எல்லாச் சொத்தையும் எப்படி வைத்திருக்கிறார்கள் தெரியுமா, இப்படித்தான் என்று ஓ.ஜே. பாட்டிலேயே வருகிறது. யூதர் அவதூறு எதிர்ப்பு அமைப்பு ஏ.டி.எல். அப்போதே, இவருக்குக் கெட்ட எண்ணம் இருப்பதாக நினைக்கவில்லை, ஆனால் இது பழைய முத்திரையைத் திரும்பக் குத்துகிறது என்றது. பாராட்டாகவே சொன்னாலும் "அந்த ஆட்கள் எல்லாத்தையும் வாங்கிட்டாங்க" என்பது வசவுதான். நம் ஊரில் ஒவ்வொரு வியாபாரச் சாதியைப் பற்றியும் இதே மாதிரி "பாராட்டு" கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

#11 வினைல்_பித்தன்

ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். முழு ஆல்பத்திலும் சோம்பேறித்தனமான வரி அது. மிகைப்படுத்திச் சொன்னேன் என்று பிறகு விளக்கம் கொடுத்தார், அந்த விளக்கமும் எடுபடவில்லை.

#12 மூணாவது_பெஞ்ச்

எல்லாரும் பெரிய மனுஷத்தனமாகப் பேசுகிறீர்கள், நான் குறுக்கே வந்து ஒன்று சொல்கிறேன். மூத்த ராப்பர்கள் சமூகப் பாட்டோடு திரும்புவது என்றால் எனக்கு எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட் குழுவின் 2016 ஆல்பம்தான். 18 வருட இடைவெளி. க்யூ-டிப் வீட்டு ஸ்டூடியோவில் நேரில் உட்கார்ந்துதான் பதிவு என்று குழுவின் இன்னொரு ராப்பர் ஃபைஃப் கலிஃபோர்னியாவிலிருந்து பறந்து பறந்து வந்தார், பாதியில் அந்த வருட மார்ச்சில் நீரிழிவால் இறந்தார், 45 வயது. மிச்சத்தை முடித்து, டிரம்ப் ஜெயித்த மூன்றாம் நாள் வெளியிட்டார்கள். கறுப்பர், மெக்சிகர், முஸ்லிம், ஏழை எல்லாரும் கிளம்புங்கள் என்று ஆட்சியின் குரலில் பாடும் பல்லவி, தேர்தலுக்கு முன்னால் எழுதியது! அவர்களோடு வைத்தால் 4:44 ஒரு பங்குச்சந்தை அறிக்கை.

#13 தெற்குவாசல்

மூணாவது பெஞ்சுக்கு ஒரு டீ என் கணக்கில்.

#14 வினைல்_பித்தன்

ட்ரைப் ஆல்பம் எனக்கும் மேலேதான், போட்டியே இல்லை. ஆனால் அவர்கள் எப்போதுமே அந்தப் பக்கம் நின்றவர்கள். ஜே-ஸீ கதை வேறு. போதைப்பொருள் விற்றவன், விற்றதைப் பாடிக் காசாக்கியவன், காசைக் காட்டிப் பாடியவன், 2003ல் ஓய்வு என்று அறிவித்து 2006ல் திரும்பி வந்தவன். அப்படிப்பட்டவன், போனில் பேசுகிற மாதிரி நோட்டுக்கட்டைக் காதில் வைத்துப் படம் போடும் இளம் ராப்பர்களைப் பார்த்து "இங்கே அதற்குப் பணம் என்று பெயரில்லை" என்று சொல்வதில் ஒரு தனிக் காரம் இருக்கிறது. ஷாம்பெய்னைத் தரையில் ஊற்றிய வீடியோக்களை எடுத்தவர் சொல்கிறார் என்பதால்.

#15 ஸ்கார்பரோ_குளிர்

இவர் எப்பவும் அரசியலே பேசாதவர் என்பதும் சரியில்லை. 2003ல் பஞ்சாபி எம்.சி.யின் பாட்டுக்கு இவர் சேர்த்த ரீமிக்ஸில், கலியாண வீட்டு ஆட்டத்துக்கு நடுவில், ஈராக்கை விடுங்கள் என்று ஒரு வரி போட்டவர். எங்கட கலியாணங்களில் அதுக்கு ஆடாத ஆள் இல்லை, வரியைக் கவனிச்ச ஆளும் இல்லை. 2006 ஆல்பத்தில் கத்ரீனா வெள்ளத்தைப் பற்றி ஒரு பாட்டு, ஹெலிகொப்டரில் பறந்து பார்த்த ஜனாதிபதியும் காசோலை எழுதிய நானும் ஒன்றுதான் என்ற மாதிரி.

ஆனால் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் இருக்கிறது. 2009 பெப்ரவரி, கிராமி மேடை. எங்கட மாயாவின் (எம்.ஐ.ஏ.) குரலை சாம்பிள் எடுத்த பாட்டு, அவர் நிறைமாத வயிற்றோடு நடுவில், சுற்றி ஜே-ஸீ, கான்யே, லில் வெய்ன், டி.ஐ. அந்தக் குளிர்காலம் முழுக்க இங்கே டொரொன்டோவில் நாங்கள் வன்னிக்காகத் தெருவில் நின்றோம். மாயா பேட்டி பேட்டியாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அதுக்காகத் திட்டும் வாங்கினார். பக்கத்தில் நின்ற அந்த நாலு பெரிய ஆட்களில் ஒருவராவது மைக்கில் ஒரு சொல் சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சொல்லியிருக்க வேண்டியது அவர்களின் கடமை என்று வாதாட வரவில்லை, நினைக்கிறேன், அவ்வளவுதான்.

#16 புதுசு_92

இதெல்லாம் எனக்குப் புதுசு, தொடருங்கள். ஒரு சந்தேகம்: இவர்தானே அப்புறம் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக் கூட கை கோத்தது? அதையும் இந்த ஆல்பத்தையும் எப்படி ஒன்றாக வைத்துப் பார்க்கிறீர்கள்?

#17 தெற்குவாசல்

கேட்டுவிட்டார் தம்பி!

2017 செப்டம்பரில் சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சியில் இந்த ஆல்பத்தைப் பாட வந்தபோது காலின் கேப்பர்னிக் பெயர் போட்ட சட்டையில் வந்தவர். அமெரிக்கக் கால்பந்தில், போலீஸ் கறுப்பர்களைக் கொல்வதை எதிர்த்து தேசிய கீதத்தின்போது மண்டியிட்டு, அதற்குப் பிறகு எந்த அணியும் சேர்க்காத ஆட்டக்காரர் கேப்பர்னிக். 2018ல் சூப்பர் பவுலில், அதாவது அந்த லீகின் இறுதிப் போட்டியில், பாட முடியாது, நான் வேண்டும் என்பது அவர்களுக்குத்தான், எனக்கு அவர்கள் வேண்டாம் என்று பாட்டிலேயே பீற்றினார். 2019 ஆகஸ்டில் அதே என்.எஃப்.எல். லீகோடு ஒப்பந்தம், இடைவேளைக் கச்சேரியை இவர் கம்பெனி ரோக் நேஷன் பார்த்துக்கொள்ளும். கேப்பர்னிக் இன்னும் வேலையில்லாமல் இருக்கிறார். கேட்டதற்கு, மண்டியிடும் கட்டத்தைத் தாண்டிவிட்டோம் என்றார். யார் தாண்டியது? அதே வருடம்தான் ஃபோர்ப்ஸ் இவரை முதல் ராப் பில்லியனர் என்று அறிவித்தது.

4:44ஐ ஒழுங்காகக் கேட்டிருந்தால் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். மேஜையில் இடம் வாங்கு என்பதுதான் அந்த ஆல்பத்தின் அரசியல். இடம் கிடைத்தது, உட்கார்ந்தார்.

#18 பீட்டுக்காரன்

உட்கார்ந்ததால் 2022ல் டிரே, ஸ்னூப், மேரி ஜே. பிளைஜ், கென்ட்ரிக் எல்லாரும் அந்த மேடை ஏறினார்கள். ராப்பை மையமாக வைத்து முழு இடைவேளைக் கச்சேரி என்பது அதுவரை நடக்காதது. 2025ல் கென்ட்ரிக் தனியாகத் தலைமை தாங்கினார். கேப்பர்னிக்குக்கு இதனால் எதுவும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தட்டில் போட்டு நிறுக்க எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் நிறுங்கள்.

#19 மட்டுறுத்துநர்

#17க்குப் பதிலாக வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பாடகரைத் திட்டுங்கள், சக உறுப்பினர் குடும்பத்தை விட்டுவிடுங்கள்.

#20 கணக்குப்பிள்ளை

"வாங்கு" என்ற தத்துவத்துக்கு உருப்படியான உதாரணம் ராப்பர் நிப்ஸி ஹஸில்தான் என்று நினைக்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்லாசன், கிரென்ஷா தெருக்கள் சந்திக்கும் இடத்தில், தான் முன்பு சீடி விற்றுத் திரிந்த அதே கடை வளாகத்தைக் கூட்டாளிகளோடு வாங்கினார். பேட்டை ஆட்களுக்கு வேலை, துணிக்கடை. 2019 மார்ச் 31ல் அந்தக் கடை வாசலிலேயே சுடப்பட்டு இறந்தார். சொந்தமாக்கிக்கொண்ட பேட்டையிலேயே.

#21 வினைல்_பித்தன்

இழை எங்கெங்கோ போகிறது, நல்லதுதான். உரிமை விஷயத்தில் இந்த ஆல்பத்துக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது, யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. "பேம்" பாட்டு, டேமியன் மார்லியோடு பாடியது. அதன் அடியில் இருப்பது ஜமைக்காவின் சிஸ்டர் நான்சி 1982ல் பாடிய "பேம் பேம்". உலகத்திலேயே அதிகம் சாம்பிள் எடுக்கப்பட்ட ரெகே பாட்டுகளில் ஒன்று, கான்யேகூட முந்தின வருடம் எடுத்தார். பாடிய அம்மாவுக்கு முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பாட்டிலிருந்து ராயல்டி என்று எதுவும் வரவில்லை. நியூஜெர்சியில் ஒரு வங்கியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2014ல் ஒரு ஷூ விளம்பரத்தில் தன் குரலையே டிவியில் கேட்ட பிறகுதான் வக்கீலைப் பிடித்தார், பத்து வருட பாக்கியும் பாட்டில் பாதி உரிமையும் கிடைத்தன. அதனால் 2017ல் ஜே-ஸீ எடுத்தபோது அவருக்குப் பங்கு உண்டு. வீடியோவை ஜமைக்காவுக்கே போய் எடுத்தார்கள், நான்சியும் அதில் வருகிறார்.

ஜே-ஸீயும் 2004 வாக்கில் டெஃப் ஜாம் இசை நிறுவனத்தின் தலைவர் பதவியை ஏற்றபோது பழைய ஆல்பங்களின் மாஸ்டர் உரிமை (மூலப் பதிவுகளின் உரிமை) தன்னிடம் திரும்ப வர வேண்டும் என்று பேரம் பேசி வாங்கியவர். "சொந்தமாக வைத்துக்கொள்" என்று அவர் கத்துவது கோடீஸ்வரத் திமிர் மட்டுமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். இசைத் தொழிலில் சொந்தமில்லாதவன் கதி நான்சியின் முப்பது வருடம்.

#22 தெற்குவாசல்

நான்சி கதை எனக்குப் பிடித்திருக்கிறது, இதை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் பாதிச் சண்டை மிச்சம். ஆனால் பாருங்கள், அந்த அம்மாவுக்கு உரிமை கிடைத்தது சேமித்து முதலீடு செய்ததால் இல்லை, சட்டத்தால், வக்கீலால். டு பாய்ஸ் கட்சி!

#23 வினைல்_பித்தன்

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு வங்கி வேலையிலிருந்துதானே வந்திருக்கும்? புக்கர் டி. கட்சி!

#24 புதுசு_92

முழு ஆல்பமும் இப்போதுதான் கேட்டு முடித்தேன். "ஸ்மைல்" கடைசியில் அந்த அம்மா பேசும் இடத்தை மூன்று தடவை ஓட்டிவிட்டேன். பீட்டுக்காரன் அண்ணே, அந்த நீனா சிமோன் பாட்டு எந்த ஆல்பத்தில் இருக்கிறது?

#25 பீட்டுக்காரன்

"வைல்ட் இஸ் த விண்ட்". 1966. ஹெட்போன் போட்டுக் கேள், நாலாவது பெண் தன் பெயரைச் சொல்லும் இடம்வரை நிறுத்தாதே. "காட் தெயர் ஐஸ்" பாட்டில் வருவதும் நீனாதான், அது "பால்டிமோர்", 1978.